அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன்: சர்ஜனைத் தேடும்போது வரும் சந்தேகங்கள்

பல வருடங்களாக ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சர்ஜனைத் தேடுவது பற்றித்தான்.

காப்பீட்டு இணையதளத்தில் எங்கள் பகுதிக்கு நாலு சர்ஜன்கள் பெயர் இருந்தது. போன் செய்தால் இரண்டு பேர் "இப்போது அந்தக் காப்பீடு எடுப்பதில்லை" என்கிறார்கள். ஒருவர் அந்த ஆஸ்பத்திரியிலேயே இல்லையாம். பட்டியல் பொய்யா?

பொய் இல்லை, பழையது. டாக்டர் இடம் மாறியிருப்பார், ஒப்பந்தம் முடிந்திருக்கும், பெயர் மட்டும் பட்டியலில் நின்றுவிடும். சில திட்டங்களில் ஒப்பந்தம் ஆஸ்பத்திரியோடு, சிலவற்றில் டாக்டரோடும் தனியாக. அதனால் ரிசப்ஷனில் "காப்பீடு எடுப்பீர்களா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் "எடுப்போம், வாங்க" என்றுதான் பதில் வரும். காப்பீட்டுப் பிரிவுக்கு லைனை மாற்றித் தரச் சொல்லுங்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: "என் அட்டையில் இன்ன திட்டம் போட்டிருக்கிறது. ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன். இன்ன டாக்டர் உங்கள் ஆஸ்பத்திரியில் செய்தால் இந்தத் திட்டத்தில் வருமா? அவர் புது நோயாளிகளைப் பார்க்கிறாரா?"

டாக்டர், ஆஸ்பத்திரி, ஆபரேஷன். இந்த மூன்றில் ஒன்று திட்டத்துக்கு வெளியே இருந்தாலும் பில் உங்கள் பக்கம் திரும்பிவிடலாம். பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். அப்புறம் காப்பீட்டு உதவி எண்ணிலும் இதையே ஒருமுறை கேட்டுவிடுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் எனக்கு நிம்மதி.

ஹெர்னியாவுக்கு "ஜெனரல் சர்ஜன்" போதும் என்கிறார்கள். ஸ்பெஷலிஸ்ட் வேண்டாமா?

அவரே ஸ்பெஷலிஸ்ட்தான். "ஜெனரல்" என்ற சொல் படுத்தும் பாடு இது. காய்ச்சலுக்குப் பார்க்கும் பொது மருத்துவர் வேறு, அறுவை சிகிச்சையில் தனிப் பயிற்சி முடித்த பொது அறுவை சிகிச்சை நிபுணர் வேறு. ஹெர்னியா, பித்தப்பை, குடல்வால், மூலம், மார்பகக் கட்டி எல்லாம் அவர் அன்றாடம் செய்பவை. உங்கள் திட்டத்தில் குடும்ப டாக்டரின் பரிந்துரைக் கடிதம் தேவையா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். அது இல்லாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய.

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் கல் தெரிந்தது. வலி எதுவும் இல்லை. "காப்பீட்டிலேயே முடிச்சிடலாம்" என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

நான் டாக்டர் இல்லை. ஆனால் தொந்தரவே தராத பித்தப்பைக் கல்லைப் பலருக்கு அப்படியே கவனித்து வருகிறார்கள் என்பது எந்த சர்ஜனுக்கும் தெரிந்த விஷயம். காப்பீடு பணம் கொடுக்கும் என்பது ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. "எனக்கு ஏன், ஏன் இப்போதே?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் இன்னொரு சர்ஜனிடம் கருத்துக் கேளுங்கள். வலது மேல்வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், கண் மஞ்சளாவது என்று ஏதாவது வந்தால் தள்ளிப்போடவே கூடாது.

எல்லாம் காப்பீட்டில் என்று சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் அன்று மயக்க மருந்து டாக்டருக்குத் தனி பில் நீட்டினார்கள். இது நியாயமா?

நியாயமா என்றால், பல சமயம் இல்லை. மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து வருபவராக, ஒப்பந்தத்தில் இல்லாதவராக இருக்கலாம். ஆனால் பல திட்டங்களில் அவர் கட்டணமும் ஆபரேஷனுக்கான தொகைக்குள்ளேயே அடங்கிவிடும், தனியாக வாங்க அனுமதி இல்லை. எழுத்தில் விவரம் கேளுங்கள், பணம் கட்டியிருந்தால் ரசீதோடு காப்பீட்டு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொள்வோம். என் மாமாவுக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த முன் அனுமதிக் கடிதத்தில் "வலது பக்கம்" என்று இருந்தது. அட்மிஷனுக்குப் பிறகு பரிசோதித்த டாக்டர், இடது பக்கமும் இருப்பதைப் பார்த்து இரண்டையும் சேர்த்தே செய்துவிட்டார். நல்ல காரியம்தான். ஆனால் திருத்திய அனுமதியை யாரும் கேட்கவில்லை, பலவீனமான இடத்தைத் தாங்க உள்ளே வைக்கும் வலை இரண்டு பக்கமும் தேவைப்பட்டதால், இரண்டாவது வலைக்கு மாமாதான் பணம் கட்டினார். இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிற நானும் அந்தக் கடிதத்தைக் கவனிக்கவில்லை, அது தனி வெட்கம். ஆகவே கடிதத்தில் ஆபரேஷன் பெயர், பக்கம், வலை உண்டா என்பதை வரிவரியாகப் பாருங்கள். சிறு துளை வழியாக (லேப்ராஸ்கோபி) தொடங்கி, வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் அனுமதி பொருந்துமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

காப்பீடு எடுக்கும் சர்ஜன் நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவரிடமே கேட்கலாம். இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? நீங்களே செய்வீர்களா? இரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். ஆள் யார், எந்தப் பக்கம் என்பதை மயக்க மருந்து கொடுக்கும் முன்பே உங்களிடம் உறுதிசெய்வது அதில் அடக்கம்.

அவசரம் என்றால் இதற்கெல்லாம் நேரம் ஏது?

நேரம் இல்லை, தேடவும் வேண்டாம். ஹெர்னியா வீக்கம் உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தால், வலது அடிவயிற்றில் வலி ஏறிக்கொண்டே போனால், பக்கத்தில் இருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அட்டையின் போட்டோ வீட்டில் இரண்டு பேர் போனிலாவது இருக்கட்டும். அட்மிஷன் ஆனதும் காப்பீட்டு உதவி எண்ணுக்கு அவர்களில் ஒருவர் சொல்லிவிட வேண்டும். அதற்கும் சில திட்டங்களில் கெடு உண்டு.