பக்கேஜைக் கூட்ட முதல் றவுட்டரை அந்த மூலையில இருந்து எடுங்கோ

கொக்குவிலில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. ஃபைபர் லைன் எடுத்து மூண்டு மாசமாம், முன் ஹோலில நல்லா ஓடுது, பின்னறையில மகள் சூம் வகுப்புக்கு இருந்தா ரீச்சரின்ர குரல் விட்டு விட்டுத்தான் கேக்குது, குசினியில ஒண்டுமே இல்லை, கூடின பக்கேஜுக்கு மாறினா சரிவருமோ எண்டு. படமும் அனுப்பியிருக்கிறா. றவுட்டர் ஹோல் மூலையில, இரும்பு அலுமாரிக்கும் ரீவிக்கும் நடுவில, மேல ஒரு லேஸ் துணியும் போட்டு.

அக்கா, இப்ப காசு கட்டாதேங்கோ. றவுட்டருக்குப் பக்கத்தில நிண்டு போனில ஒருக்கா ஸ்பீட் டெஸ்ட் பண்ணுங்கோ, பிறகு அதே போனோட மகளின்ர மேசையில இருந்து ஒருக்கா. ரெண்டு இடத்திலயும் குறைவெண்டா லைனில பிழை இருக்கலாம், கம்பனிக்குக் கோல் எடுங்கோ. பக்கத்தில நல்லா காட்டி பின்னுக்குப் போகப் போக விழுதெண்டா லைன் சரியாத்தான் இருக்கு, நீங்கள் எவ்வளவு பெரிய பக்கேஜ் எடுத்தாலும் அந்த வேகம் ஹோலைத் தாண்டி வராது. படத்தைப் பாத்தா உங்கட பிரச்சினை ரெண்டாவதுதான்.

லைன் போட வாற பெடியள் வயர் வீட்டுக்குள்ள நுழையிற இடத்தில, கிட்ட எந்த பிளக் இருக்கோ அதிலயே கொழுவிப்போட்டுப் போயிடுவாங்கள், அவங்களுக்கு அடுத்த வீடு இருக்கு. றவுட்டர் நாலு பக்கமும் சிக்னல் விடும், வீட்டு மூலையில வச்சா அதில மூண்டு பங்கு வளவுக்கும் ஒழுங்கைக்கும் தான், உங்கட மாமரத்துக்கு நல்ல வைஃபை. மிச்சம் இருக்கிற ஒரு பங்கையும் இரும்பு அலுமாரி மறிக்குது. நிலைக்கண்ணாடி, தண்ணி நிறைஞ்ச பரல், கம்பி போட்ட கொங்கிறீற்று பிளாற்று, எல்லாம் இதே வேலைதான் செய்யும். லேஸ் துணி சிக்னலை மறிக்காது, ஆனா சூட்டை அடைச்சு வைக்கும், எங்கட சித்திரை வெக்கையில அது பாவம்.

பழைய கல்வீடு எண்டும் எழுதியிருக்கிறீங்கள். இப்பத்தைய றவுட்டர் கனக்க 5 கிகாஹேர்ட்ஸ், 2.4 கிகாஹேர்ட்ஸ் எண்டு ரெண்டு விதமா சிக்னல் விடும். அந்தத் தடிச்ச சுண்ணாம்புக்கல் சுவர் ரெண்டைத் தாண்டி 5 கிகாஹேர்ட்ஸ் சிக்னல் உருப்படியா வராது, அது வேகம் கூட, ஆனா சுவரில கெதியாக் களைச்சுப் போகும். 2.4 வேகம் குறைவு, தூரம் போகும். போனில காட்டுற வைஃபை பேருக்குப் பின்னால 5ஜி எண்டு வாறது அந்த 5 கிகாஹேர்ட்ஸ்தான், மொபைல் 5ஜி இல்லை. பின்னறையில மகளை 2.4க்கு மாத்திப் பாக்கச் சொல்லுங்கோ, வகுப்புக்கு அது காணும், இண்டைக்கே ஒரு செலவும் இல்லாமல் செய்யலாம்.

றவுட்டர் இருக்க வேண்டிய இடம் வீட்டின்ர நடு, திறந்த இடத்தில, ஆள் உயரத்துக்கு. நாற்சார் வீடெண்டா உங்களுக்கு அதிர்ஷ்டம், முற்றத்தைப் பாத்த உள் விறாந்தையில தூவானம் படாத இடமா வச்சா சிக்னல் சுவரைத் துளைக்காமல் வெறும் காத்துக்குள்ளால எதிர்ப்பக்கம் போயிடும்.

ஆனா அந்த மெல்லிய ஃபைபர் வயரை நீங்களா இழுக்காதேங்கோ, உள்ளுக்க இருக்கிறது கண்ணாடி நூல், சடாரெண்டு மடிச்சா முடிஞ்சுது. கம்பனிக்காரரைக் கொண்டு மாத்துங்கோ. இல்லாட்டி இப்ப இருக்கிற றவுட்டரை அங்கயே விட்டு, லான் கேபிள் ஒண்டை நடுவுக்கு இழுத்து, வேற ஒரு றவுட்டரை அக்சஸ் பொயின்ற் மோட்டில, அதாவது கேபிளில வாற இணைப்பை வைஃபையா விடுற வேலையை மட்டும் செய்யிற மாதிரி, போடுங்கோ, நான் இதைத்தான் கூட விரும்புவன். கேபிள் 100 மீற்றர் வரைக்கும் தாங்கும், உங்களுக்கு 15 மீற்றரே கூட. வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப விடுற, மலிவா விக்கிற ரிப்பீற்றர் பிளக்கில கனக்க வேகத்தைப் பாதியாக்கிப்போடும், அதையும் சனம் சிக்னல் இல்லாத அறைக்குள்ளயே கொழுவுதுகள், இல்லாத சிக்னலை அது எங்கால எடுத்துக் குடுக்கிறது? குசினி வளவுக்குள்ள தனியா இருந்து கேபிளை வெளியால கொண்டு போறீங்களெண்டா ஐப்பசி கார்த்திகை இடி மின்னலுக்கு ரெண்டு முனையையும் கழட்டி விடுங்கோ, அது செம்புக் கம்பி.

சுவரில துளை போட முதல் ஒரு வேலை. ஒரு போனில ஹொட்ஸ்பொட் போட்டு, நினைச்சு வச்ச இடத்தில வச்சிட்டு, வைஃபை அனலைசர் அப் போட்ட மற்றப் போனோட வீடு முழுக்க நடவுங்கோ. அப்பில சிக்னல் பலம் dBm எண்ட அளவில மைனஸ் எண்ணாக் காட்டும்: மைனஸ் 50 எண்டா சோக்கு, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ ஓடும், மைனஸ் 80 எண்டா விடுங்கோ. பின்னறையில சரிவரேல்லை எண்டா ஹொட்ஸ்பொட்டை ஒரு முழம் தள்ளி வச்சு திரும்ப ஒருக்கா நடவுங்கோ.