பருப்புத் தண்ணீர் போதுமா?

கேள்வி: மகனுக்கு ஏழு மாதம். மூன்று வேளையும் பருப்புத் தண்ணீர், கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிறேன். கிண்ணம் காலியாகிவிடுகிறது, எடை மட்டும் ஏறவில்லை. ஏன்?
– வாசகி, தேனி

பதில்: ஏழெட்டு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200–240 மில்லிதான் கொள்ளும். அதைச் சத்துக் குறைந்த பருப்புத் தண்ணீரால் நிரப்பினால் தாய்ப்பாலுக்கும் இடமிருக்காது. பருப்பு நமது சாம்பாருக்கு, தண்ணீர் பிள்ளைக்கு என்ற வழக்கத்தை விடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் உணவு வழிந்து ஓடக் கூடாது, அதுதான் பதம்.

இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒரு டம்ளர் தண்ணீர். குக்கரில் ஐந்து விசில் விட்டு, சூட்டோடு மசித்து, அரைத் தேக்கரண்டி நெய் சேருங்கள். ஒருநாள் கேரட், மறுநாள் பூசணி, இன்னொரு நாள் கீரை என்று கூடவே வேகவைத்துச் சேர்க்கலாம். மிக்ஸியில் விழுதாக்க வேண்டாம். ஒன்பது, பத்து மாதத்துக்குள் சிறு கட்டிகளுக்குப் பழகாத பிள்ளைகள், பிறகு கட்டி தட்டினாலே துப்பத் தொடங்கலாம்.

கேழ்வரகை இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் உலர்த்தி அரையுங்கள். முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி உருவாகிறது. சிவக்க வறுத்தால் அது போய்விடும், லேசாகச் சூடேற்றினால் போதும். சாதாரண மாவில் கெட்டியாகக் கிண்டிய கஞ்சி கொஞ்சம் ஆறியதும் இந்த முளைமாவு ஒரு சிறு தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் கஞ்சி இளகிவிடும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் சத்து குறையாது. முளைமாவு பச்சை மாவு என்பதால் மறுபடி ஒரு கொதி விட்டுத்தான் ஊட்ட வேண்டும்.

ஒரு மாதமாக எடை ஏறாவிட்டால் இவற்றோடு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தை நாங்கள் சாப்பிடும்போது வாயையே பார்க்கிறாள். மாமியார் தொடங்கச் சொல்கிறார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்த வயதில் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள்! 180 நாள் முடியட்டும். அதற்குமேல் தள்ளவும் கூடாது. பிறக்கும்போது சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும், தாய்ப்பாலில் அது குறைவு. தலை நின்று, சாய்ந்தாவது உட்கார்ந்து, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறாளா என்று பாருங்கள். முதலில் வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும்.

கேள்வி: முட்டை, வேர்க்கடலையை ஒரு வயதுக்குப் பிறகு கொடுத்தால் ஒவ்வாமை வராதாமே?
– வாசகர், வேலூர்

பதில்: தள்ளிப் போடுவதால் ஒவ்வாமை தடுக்கப்படுவதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு நன்றாக வெந்த முட்டையில் கடுகளவு தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டுங்கள். வறுத்த வேர்க்கடலையை நைசாகப் பொடித்து அரைத் தேக்கரண்டி கஞ்சியில் கலக்கலாம். முழுக்கடலை கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துவிடும். புதிய உணவைப் பகலில் கொடுங்கள். தடிப்பு, வாந்தி, உதட்டு வீக்கம் போன்றவை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஏற்கெனவே கடுமையான தோல் அரிப்பு நோய் உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

கேள்வி: கட்டியாகக் கொடுத்தால் ஓங்கரிக்கிறான். பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சத்தம் போட்டு, முகம் சிவந்து, இருமி வெளியே தள்ளினால் அது ஓங்கரிப்பு, காத்திருங்கள், தானே சரியாகும். சத்தமே இல்லாமல், இருமவோ மூச்சுவிடவோ முடியாமல் திணறினால் அது அடைப்பு, உதடும் நீலம் பாயலாம். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடுவீர்கள். முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. பலிக்காவிட்டால் மல்லாத்தி, நடுமார்பில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யுங்கள், கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

கேள்வி: தேன், உப்பு, பசும்பால்?
– வாசகி, சேலம்

பதில்: ஒரு வயது வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம், பொட்டுலிசம் என்ற நஞ்சேற்றம் வரலாம். உப்பு, சர்க்கரை தேவையில்லை. கஞ்சியில் சிறிது பசும்பால் கலக்கலாம், தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுக்கக் கூடாது.