தாய்ப்பாலில் சர்க்கரை ஏறுமா? மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஏழாம் மாதத்தில் குளூக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்த பரிசோதனையில் 162 என்று வந்ததால், பிரசவம் வரை இன்சுலின் போட்டுக்கொண்டேன். இப்போது குழந்தைக்கு மூன்று வாரம். ‘சர்க்கரை உள்ளவளின் பால் குழந்தைக்கு ஆகாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பாலில் உள்ள ஹார்மோன்களே மாறிவிடும் என்று நானும் படித்தேன். பவுடர் பாலுக்கு மாறிவிடலாமா?
வாசகி, பெரம்பூர்

பதில்: மாற வேண்டாம். தாய்ப்பாலின் இனிப்பு லாக்டோஸ் என்ற சர்க்கரையால் வருவது. அதை மார்பகச் செல்கள் தாமே தயாரிக்கின்றன. 100 மில்லி பாலில் ஏறத்தாழ 7 கிராம் என்ற அதன் அளவு, தாயின் ரத்தச் சர்க்கரை ஏறியதற்காகத் தானும் ஏறிவிடுவதில்லை. பெரியவர்களின் அச்சத்துக்கு இந்த விளக்கம் போதும்.

நீங்கள் படித்தது வேறு விஷயம், அதில் உண்மை உண்டு. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையம் கூடுதலாகச் சுரக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. இத்தகைய தாய்மாரின் ரத்தத்தில், இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிபோனெக்டின் குறைந்தும், கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் பல சமயம் கூடியும் காணப்படுகின்றன. இவ்விரண்டும், பசியைத் தூண்டும் கிரெலினும், இன்சுலினும் தாய்ப்பாலிலும் இருக்கின்றன.

ஆனால் பால், ரத்தத்தின் நகல் அன்று. இன்சுலின் ரத்தத்திலிருந்து பாலுக்கு வருகிறது. லெப்டினையோ மார்பகச் செல்களும் ஓரளவு தயாரிக்கின்றன. ஆகவே ரத்தத்தில் காணும் வேறுபாடு பாலிலும் அதே அளவில் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. சீம்பாலை எடுத்தார்களா, முதிர்ந்த பாலை எடுத்தார்களா, தாயின் எடை என்ன, அவர் இன்சுலின் போட்டுக்கொண்டாரா என்பதைப் பொறுத்து ஆய்வு முடிவுகளும் மாறுபடுகின்றன. பாலின் லெப்டின் அளவு தாயின் உடல் எடையோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால், எடையால் வந்த மாற்றத்தைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்தும் இருக்கிறது. இந்த ஹார்மோன்கள் குழந்தையின் பசியையும் குடல் முதிர்ச்சியையும் நெறிப்படுத்தலாம் என்று கருதப்படுகிறது. பாலில் அவற்றின் அளவு சற்றுக் கூடக்குறைய இருக்குமோ என்று அஞ்சி, மனித லெப்டினோ அடிபோனெக்டினோ அறவே இல்லாத பவுடர் பாலைக் கொடுப்பது எனக்குப் பொருத்தமான முடிவாகத் தெரியவில்லை.

கேள்வி: எனக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. நான்காம் நாள்தான் பால் நன்றாகச் சுரந்தது. குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் வைத்தார்கள். என் சர்க்கரையா காரணம்?
வாசகி, தாம்பரம்

பதில்: இரண்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும். பால் சுரக்கும் செல்கள் முழுவீச்சில் வேலைசெய்ய இன்சுலினும் தேவை. அதன் செயல் மந்தமாக உள்ள தாய்மாருக்குப் பால் பெருகுவது வழக்கமான இரண்டு மூன்று நாளைத் தாண்டிப்போவதுண்டு. குழந்தையின் கதை வேறு. தாயின் குளூக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்துபோகும், இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரைக்கு ஏற்பக் குழந்தையே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து பழகிவிடுகிறது; தொப்புள்கொடி வெட்டியதும் வரத்து நின்றுபோக, சுரப்பு மட்டும் உடனே நிற்பதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களைக் குறைசொல்லிக்கொள்ள இதில் ஏதுமில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பிரசவத்தோடு சர்க்கரை சரியாகிவிட்டது. பிரசவ லேகியம் கொடுக்கலாமா? இனியும் பரிசோதனை வேண்டுமா?
ஒரு தாய், திருவல்லிக்கேணி

பதில்: லேகியத்தில் சேரும் வெல்லமோ கருப்பட்டியோ பாலைக் கெடுக்காது அம்மா, உங்கள் மகளின் ரத்தச் சர்க்கரையைத்தான் ஏற்றும். ஆகவே பரிசோதனை முடியும்வரை அதைத் தள்ளிவையுங்கள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது என்பது உண்மை. பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவர்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பதும் உண்மை. தாய்ப்பால் கொடுப்பது அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், அதிகமாகவும் நெடுநாளும் பால் கொடுத்தவர்களிடம் நோய் குறைவாகவே காணப்பட்டது.

75 கிராம் குளூக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரத்தில் அளக்கும் முறையைக் கர்ப்பிணிகளுக்காக நாடெங்கும் பரப்பியவர் நம் சென்னை மருத்துவர் வி. சேஷையாதான், அவர் பிறந்த மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. பிரசவத்துக்குப் பின்னும் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள், வெறும் வயிற்றில் ஒருமுறை அளந்துவிட்டு, அதே 75 கிராம் குளூக்கோஸைக் குடிக்கவைத்து மறுபடி அளக்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தவறாமல் வருபவர்களும் இந்தப் பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை இதற்கு மாற்றாகாது. கர்ப்பத்திலும் பிரசவ ரத்தப்போக்கிலும் ரத்த அணுக்களின் ஆயுட்கணக்கு மாறிப்போவதால் அது அப்போது சரியான அளவைக் காட்டாது. முடிவு நன்றாக வந்தாலும் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த கர்ப்பமென்றால் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும்.