போக்கர் போட்டியில் எந்த மேசை? கேள்வி பதில்

ஒன்ராறியோவில் இணையத்தில் போக்கர் போட்டி ஆடும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன். எனக்குப் பிடித்த கேள்விக்குப் பதில் நீளும், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, போட்டியில் பலவீனமான ஆட்கள் இருக்கிற மேசையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: முடியாது. கேஷ் கேமில் (போட்டியல்லாமல் நேரடியாகக் காசுக்கு ஆடுவதில்) தான் ஆட்களைப் பார்த்து உட்காரலாம், பிடிக்காவிட்டால் எழும்பிப் போகலாம். பல மேசைப் போட்டியில் மென்பொருள்தான் குலுக்கி உட்கார வைக்கிறது. ஆட்கள் வெளியேற வெளியேற மேசைகளைக் கலைத்து உங்களை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டும் இருக்கும். உங்கள் கையில் இருப்பது எந்தப் போட்டியில் சேர்வது என்பது மட்டும். அது லாபியில் (போட்டிகளைப் பட்டியலிடும் பக்கத்தில்), காசு கட்டுமுன் முடிகிற விஷயம்.

முதலில் கட்டணத்தைப் பாருங்கள். 10 + 1 என்று போட்டிருந்தால் நீங்கள் கட்டுகிற 11 டொலரில் பத்துதான் பரிசுக்குப் போகிறது. அந்த ஒரு டொலரைத் திறமையால் மீட்ட பிறகுதான் லாபம் என்ற பேச்சே வரும்.

அடுத்தது வேகம். 10,000 சிப்புடன் தொடங்கி, சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயமான பிளைண்ட் 50/100 என்றால் உங்களிடம் 100 பெரிய பிளைண்ட் இருக்கிறது. பிளைண்ட் ஏறுமுன் ஒரு நிலை 12 நிமிடம் ஓடினால் எதிராளியைக் கவனித்து ஆட நேரம் உண்டு. அதே நிலை 3 நிமிடம் என்றால் அந்த 100 சீக்கிரமே பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிடும். அப்புறம் சிப் முழுதும் வைப்பதா, சீட்டை மடிப்பதா என்பது மட்டும்தான் ஆட்டம். உங்களைவிட மோசமாக ஆடுகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

பிறகு ஆட்தொகை. 2,000 பேர் ஆடும் போட்டியில் முதல் பரிசு கண்ணைப் பறிக்கும். ஆனால் பரிசுப் பணத்தின் பெரும்பங்கு இறுதி மேசையில் இருக்கும், அங்கே போய்ச் சேர்வது அபூர்வம். நன்றாக ஆடியும் மாதக்கணக்கில் நட்டத்தில் கிடக்கலாம். கையில் சிறு தொகை இருப்பவருக்கு 100, 150 பேர் ஆடும் போட்டிதான் சரி.

கடைசியாக உத்தரவாதத் தொகை. 5,000 டொலர் பரிசு உறுதி என்று அறிவித்த 10 + 1 போட்டியில் 400 பேர் மட்டும் சேர்ந்தால் வசூல் 4,000. மீதி 1,000 டொலரைத் தளம் போட வேண்டும். ஆளுக்கு 2.50 டொலர் இலவசம், கட்டணம் போகவும் மிச்சம். 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ இணையச் சூதாட்டச் சந்தையைத் திறந்தபோது மாகாணத்துக்கு வெளியே உள்ளவர்களுடன் ஆட முடியாதபடி வேலி போட்டார்கள். ஆட்கள் குறைவு என்று எல்லோரும் புலம்பினோம். ஆட்கள் குறைந்தால் உத்தரவாதம் எட்டாமல் போகிற வாய்ப்பு கூடும் என்பதை யோசித்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். எந்தச் செயலியில் ஆடலாம்?

பதில்: எதிலும் ஆட வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றிவிட்டது. சும்மா சிப்பில் ஆடிப் பழகுங்கள்.

கேள்வி: நானும் மச்சானும் ஒரே வீட்டிலிருந்து ஒரே போட்டியில் சேரலாமா? ஒரே மேசை கிடைத்தால் நல்லதுதானே?

பதில்: அந்த "நல்லதுதானே"தான் எனக்குப் பயமாக இருக்கிறது. சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடினால் அது மோசடி, கணக்கை முடக்கிப் பணத்தையும் பிடித்து வைப்பார்கள். ஒரே வீட்டில் இருவர் ஆடத் தளத்தின் விதி இடம் தருகிறதா என்று முதலில் வாசியுங்கள்.

கேள்வி: என் இடது பக்கத்தில் பெரிய சிப் குவியலோடு ஒருவர் விடாமல் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

பதில்: ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால் ஒவ்வொரு கையிலும் (ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும்) பெரும்பாலும் உங்களுக்குப் பிறகுதான் அவர் முடிவெடுப்பார். இடம் மாற வழியில்லை. நீங்கள் முதலில் பந்தயம் ஏற்றித் திறக்கிற கைகளைக் குறையுங்கள், நல்ல கை வந்தால் அவரையே ஏற்ற விட்டுத் திருப்பி அடியுங்கள். மேசை கலையும்வரை பொறுமை.

கேள்வி: ஆரம்பத்திலேயே சேர்வது வீண். போட்டி தொடங்கிய பிறகும் சேர விடுகிற தாமதப் பதிவு முடியும் நேரத்தில் சேர்ந்தால் கணக்குப்படியே லாபம் என்கிறார்கள். நீங்கள் ஏன் இதைச் சொல்வதில்லை?

பதில்: கணக்கு உண்மைதான், போட்டுக் காட்டுகிறேன். பத்துப் பேர், ஆளுக்கு 10 டொலர், பரிசு 50, 30, 20. ஒன்பது பேர் தொடங்கி, ஒருவர் இன்னொருவரை வெளியேற்றி இரட்டிப்புச் சிப் வைத்திருக்கிறார். எல்லோரும் சமதிறமை என்று வைத்தால், அந்த இரட்டிப்புச் சிப்பின் மதிப்பு 20 டொலர் அல்ல, சுமார் 18.44 தான். மீதி 81.56 எட்டுப் பேருக்கும் பிரிகிறது, ஆளுக்கு 10.19. நீங்கள் பத்தாவதாக வந்து சேர்ந்தால் அந்த எட்டில் ஒருவர். 19 சதம் லாபம்.

இப்போது கட்டணத்தைப் பாருங்கள், 1 டொலர். தவிர, வெளியே போன அந்த ஒருவர் யார்? அநேகமாக மேசையிலேயே மோசமாக ஆடியவர். அவருடைய சிப்பை வாங்க நீங்கள் அங்கே இல்லை.

அதே நபர்: அப்படியானால் பெரிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள்?

பதில்: ஒரே நேரத்தில் பல போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு நேரம்தான் காசு. அதோடு அவர்கள் ஆடுகிற உயர்தொகைப் போட்டியில் தவறவிடப் பலவீனமானவர்களே அதிகம் இல்லை. உங்கள் 11 டொலர் போட்டியின் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு முழுச் சிப்பையும் தள்ளுகிறவர்கள் நிறைய.

இன்னொருவர் குறுக்கிட்டு: தாமதமாக வந்தால் பிளைண்ட் ஏறி, சிப் 20 பெரிய பிளைண்டுக்குத்தான் வரும். அந்த அளவில் எந்தக் கைக்கு முழுச் சிப்பையும் தள்ளுவது என்ற அட்டவணை எனக்கு மனப்பாடம். எனக்குத் தாமதமே வசதி.

பதில்: உங்களுக்குச் சரி. 100 பிளைண்டில் தடுமாறி 20இல் தெளிவாக ஆடுகிறவர் தாமதமாகவே வரட்டும். முதலில் கேட்டவருக்கு அந்த அட்டவணை தெரியுமா?

முதலில் கேட்டவர்: தெரியாது. ஆனால் கணக்கு கணக்குத்தானே?

பதில்: 19 சதம். அவ்வளவுதான்.

கேள்வி: மணிமேக்கர் போலச் சிறு தகுதிப் போட்டி வழியாகப் பெரிய போட்டிக்குப் போகலாமா?

பதில்: போகலாம். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் இணையத் தகுதிப் போட்டி வழியாக 10,000 டொலர் நுழைவுத்தொகை உள்ள போட்டிக்குள் நுழைந்து, மற்ற 838 பேரைக் கடந்து 25 லட்சம் அமெரிக்க டொலர் வென்றார். ஆனால் தகுதிப் போட்டி வேறு ஆட்டம். பெரிய போட்டிக்குப் பத்து இடங்கள் பரிசாக இருந்தால் முதலாவதுக்கும் பத்தாவதுக்கும் ஒரே பரிசு. பதினொரு பேர் மிஞ்சி, உங்களிடம் பெரிய குவியல் இருந்து, உங்களைக் காலி செய்யக்கூடிய ஒருவர் முழுதும் வைத்தால், இரண்டு ஏஸ் வந்தாலும் மடியுங்கள். அதைச் செய்ய மனம் வராதென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து. நல்ல செயலி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: கோயம்புத்தூர்க்காரருக்குச் சொன்னதை வாசிக்கவும்.

கேள்வி: எனக்கு 18 வயது, ஸ்காபரோ. அண்ணனின் கணக்கில் ஆடலாமா?

பதில்: ஒன்ராறியோவில் 19. அண்ணனின் கணக்கும் போகும்.

கேள்வி: தாமதப் பதிவு பற்றி இன்னொரு சந்தேகம்...

பதில்: அட்டவணையைப் பாடமாக்கிவிட்டு வாருங்கள். கட்டணத்தையும் பார்த்துவிட்டு.