நான்கு மணிக்கொரு மருந்து – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைகளுக்கான வலி தணிப்புச் சிகிச்சை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அக்கா மகளுக்கு ஆறு வயது, 16 கிலோ எடை. நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றுநோய் திரும்பவும் வந்து எலும்புகளுக்குப் பரவியிருக்கிறது. கீமோ நடக்கிறது. போன வாரம் மருத்துவர் பாலியேட்டிவ் கேர் (வலி தணிப்புச் சிகிச்சை) குழுவைப் பார்க்கச் சொன்னார். ‘கையை விரித்துவிட்டார்கள்’ என்று வீடே இடிந்துபோய்விட்டது. வலிக்கு மார்ஃபின் சிரப் 3 மி.கி., நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறார்கள். பழக்கமாகிவிடுமோ என்று பயந்து, பாப்பா தாங்க முடியாமல் அழுதால் மட்டும் அக்கா கொடுக்கிறாள். கோடீன் மாதிரி லேசான வலி மருந்தாகக் கேட்கலாமே என்கிறார் அத்தான். பாப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய பத்து வயது அண்ணன் பேசுவதையே குறைத்துவிட்டான். நான் இவர்களிடம் என்ன சொல்ல?

ஒரு சித்தி

அன்புள்ள சகோதரிக்கு,

கீமோ நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கைவிட்டவர்கள் கீமோ கொடுக்கமாட்டார்கள், இதை அக்காவிடம் முதலில் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் கேர் நோய் கண்டறிந்த அன்றே தொடங்க வேண்டும், நோயைக் குணப்படுத்தும் மருத்துவம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1998இல் தந்த வரையறை. உங்கள் மருத்துவர் செய்திருப்பது சரியான காரியம். இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது மார்ஃபின். வாய்வழி கொடுக்கும் சிரப் அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், நான்கு மணி நேரத்தில் வடிந்துவிடும். அழுதால் மட்டும் கொடுப்பதென்றால், ஒவ்வொரு முறையும் வலி முழுசாக ஏறிய பிறகு அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். ஏறிய வலியை இறக்க அதிக மருந்து தேவைப்படும், குழந்தையும் அடுத்த வலியை நினைத்தே பயந்துகொண்டிருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், இரவிலும். இதுவரை விட்டுவிட்டுக் கொடுத்ததைக் குழுவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு ஒழுங்கைத் தொடங்கச் சொல்லுங்கள். நடுவில் வலி எகிறினால் கொடுக்க ஒரு கூடுதல் அளவையும் எழுதி வாங்குங்கள். வழக்கமாக அது ஒரு நாளின் மொத்த அளவில் 5 முதல் 10 சதவீதம். நாளைக்கு 18 மி.கி. என்றால் ஏறக்குறைய 1 முதல் 1.8 மி.கி.

பெரிய தவறு நடக்கும் இடம் புட்டிதான். லேபிளைப் பாருங்கள். ‘5 மி.லி.யில் 10 மி.கி.’ என்றிருந்தால் 3 மி.கி. என்பது ஒன்றரை மி.லி. சீட்டில் ‘3’ என்று இருப்பதைப் பார்த்து 3 மி.லி. உறிஞ்சினால் குழந்தைக்குள் போவது 6 மி.கி., அதாவது இரண்டு மடங்கு. கரண்டி வேண்டாம். ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்சில் 1.5 கோட்டின் மேல் மெல்லிய டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள், தூக்கக் கலக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கொடுப்பவருக்கு அந்த டேப்தான் துணை. புதுப் புட்டி வாங்கும்போதெல்லாம் லேபிளை மறுபடி பாருங்கள், செறிவு மாறியிருக்கலாம். வீட்டில் இன்னொரு பிள்ளை இருப்பதால் மருந்து பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் பாப்பா அதிகம் தூங்குவாள். வலியால் பல நாள் கெட்டுப்போன தூக்கத்தை ஈடுகட்டுகிறாள். தொட்டு எழுப்பினால் விழித்துப் பேசினால் கவலையில்லை. எழுப்பவே முடியவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே குழுவைக் கூப்பிட வேண்டும். குமட்டலும் அரிப்பும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் அடங்காது. ஆகவே மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இதை எழுதித் தர மறந்துவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

‘பழக்கமாகிவிடும்’ என்ற பயத்தில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. சில வாரம் எடுத்தபின் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்று முறுக்கு, படபடப்பு வரும். அது உடலின் பழக்கம், படிப்படியாகக் குறைத்தால் தீரும். போதை அடிமைத்தனம் வேறு. வலிக்காக, சரியான அளவில், கண்காணிப்போடு மார்ஃபின் பெறும் குழந்தை அதற்கு ஆளாவது மிக அரிது. அத்தான் சொல்லும் கோடீனும் உடலுக்குள் போய் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. சில குழந்தைகளின் ஈரல் அதை மாற்றுவதே இல்லை, வலி அப்படியே இருக்கும். சில குழந்தைகளில் அளவுக்கு மீறி வேகமாக மாற்றிவிடும், மூச்சுக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2012இல் குழந்தைகளின் வலிக்கு எந்தப் படியில் எந்த மருந்து என்ற பட்டியலிலிருந்து கோடீனை எடுத்துவிட்டது. எலும்பு வலிக்கு வேறு வழி கேட்பதென்றால், வலிக்கும் இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

அழுகையை மட்டும் வைத்து வலியை அளக்காதீர்கள். நாள்பட்ட வலியில் இருக்கும் குழந்தை அழுவதை நிறுத்திவிடும். பொம்மையைத் தொடாது, ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், மடியில் தூக்கும்போது உடம்பை இறுக்கிக்கொள்ளும். வீட்டில் எல்லாரும் ‘சமர்த்தாக இருக்கிறாள்’ என்பார்கள். ஊசி போடுவார்களோ என்று வலியை மறைக்கிற குழந்தைகளும் உண்டு. ஆறு வயதுக்கு, சிரிப்பிலிருந்து அல்ல, வலியில்லாத சாதாரண முகத்திலிருந்து தொடங்கும் ஆறு முகங்கள் கொண்ட அட்டை சரியாக இருக்கும். ‘உன் வலி இதில் எது?’ என்று மருந்துக்கு முன்பும், ஒரு மணி நேரம் கழித்தும் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அவளிடம் பேசுவதைப் பற்றி. புற்றுநோயில் குழந்தையை இழந்த ஸ்வீடன் பெற்றோரிடம் கேட்ட ஆய்வு 2004இல் வெளியானது. குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். அதற்காக உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டாம். ‘உனக்கு என்ன தோணுது?’ என்று கேட்டுவிட்டு, அவள் கேட்கும் அளவுக்கு மட்டும் உண்மையாகப் பதில் சொன்னால் போதும். இறப்பைத் ‘தூக்கம்’ என்று சொல்ல வேண்டாம், பிறகு இரவில் கண்மூடவே பயப்படுவாள்.

அண்ணன் பேசாமல் இருப்பதும் ஒரு கேள்விதான். அவள்மேல் கோபப்பட்டதால்தான் நோய் வந்தது என்று பிள்ளைகள் நம்புவதுண்டு. இது உன்னால் வந்ததில்லை, உனக்கு ஒட்டிக்கொள்ளாது, உன்னைப் பார்த்துக்கொள்ள இன்னார் இருக்கிறார் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த ‘இன்னார்’ நீங்களாகவே இருக்கலாம். முக அட்டையைக் காட்டிக் கேட்கும் வேலையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

குழுவை முதன்முறை பார்க்கும்போது நோட்டைக் கையோடு எடுத்துப் போகட்டும். மருந்தின் அளவைக் கூட்டுவதா என்பதை மருத்துவர் அதைப் பார்த்து முடிவு செய்வார். இரவில் வலி எகிறினால், வலிப்பு வந்தால், மூச்சுத் திணறினால் எதை எவ்வளவு கொடுப்பது, எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்பதை ஒரே தாளில் எழுதி வாங்கி, மருந்து இருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்.