மார்வாரிக் குதிரைக் குட்டி வாங்கப் போகிறேன். நடை பரம்பரையாக வருமா? நல்ல நடை இருந்தால் கால் நீண்ட காலம் தாங்குமா?

நடை வரும். கால் தாங்குவது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தையில் பணத்தை விட்டு வந்தவர்கள் நம்ம குமரி மாவட்டத்திலும் உண்டு.

2012-ல் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்து, டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். அந்த மரபணுக் குறியீட்டில் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கும். ஆனால் கால்கள் எந்த வரிசையில் எழ வேண்டும் என்று தீர்மானிக்கும் தண்டுவட நரம்புகளின் வேலையே அதனால் மாறிவிடும். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும் ஓட்டம், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தை வாங்கிய ஐஸ்லாந்துக் குட்டிக்குத்தான் பெரும்பாலும் வரும். வண்டிப் பந்தயத்துக்கென வளர்த்த ஸ்டாண்டர்ட்பிரெட் இனத்தில் அநேகமாக எல்லாவற்றுக்கும் இது இருக்கிறது. பாய்ச்சலுக்குத் தாவாமல் வேகம் பிடிக்க உதவுகிறது. தடை தாண்டும் குதிரைக்கோ நல்ல பாய்ச்சல்தான் முக்கியம், அங்கே இது இடைஞ்சல்.

கால் உறுதிக்கு இப்படி ஒற்றை மரபணு கிடையாது. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மீதி தீனி, லாடம், தரை, வேலைக்கு இறக்கும் வயது. குட்டியின் குருத்தெலும்பு சரியாக எலும்பாகாமல் மூட்டுக்குள் சில்லு பெயரும் நோய் ஓரளவு பரம்பரையில் இறங்குகிறது. அதனால் நெதர்லாந்தில் வார்ம்பிளட் என்ற விளையாட்டுக் குதிரை இனத்தின் சங்கம் எக்ஸ்ரே பார்க்காமல் பொலிக்குதிரைக்கு அனுமதி தருவதில்லை. நாம் எதைப் பார்க்கிறோம்? உடம்பில் மயிர் சுழித்திருக்கும் சுழியை! சுழி சுத்தமாக இருந்தால் முழங்கால் கோணலுக்குக்கூட விலை ஏறுகிறது. எனக்கு இதில் எரிச்சல்தான்.

பகட்டான நடையிலும் ஒரு வினை இருக்கிறது. பிஎல்ஓடி1 மரபணுவின் ஒரு பழுது, தாய் தகப்பன் இரு பக்கமிருந்தும் வந்தால் வார்ம்பிளட் குட்டியின் தோலும் மூட்டும் பிய்ந்துபோகும், பிழைக்காது. ஒரு பக்கம் மட்டும் வந்த குதிரை பார்க்க நன்றாகவே இருக்கும். ஸ்வீடனில் கணக்கெடுத்தபோது அப்படிப்பட்டவற்றுக்கு நடை மதிப்பெண் கூடுதலாகவே இருந்தது. அப்புறம் நடையை மட்டும் பார்த்துப் பொலிக்கு விட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

வாங்கும்போது குட்டியைவிடத் தாயைப் பாருங்கள். வயதான தாய் கெட்டித் தரையில் நொண்டாமல் ஓடுகிறதா, பின்கால் குளம்புக்கு மேல் மூட்டு தாழ்ந்து இறங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். தகப்பனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

சங்குத்துறை, சொத்தவிளைக் கடற்கரைப் பக்கம் சவாரி விடுவதென்றால் அலை நனைத்த கெட்டி மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலடி புதையும் மணலில் காலின் பின்பக்கத் தசைநாண் இழுத்துக்கொள்ளும். தார் ரோட்டில் ஓட்டம் வேண்டாம், நடத்தினால் போதும். இரண்டு வயதில் ஆளேற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். முதுகெலும்பு முழுசாக முற்ற 5 வயதுக்கு மேல் ஆகும். 4 வயது வரை கனமான ஆளை ஏற்றாமல் கையில் பிடித்தே பழக்கலாம்.