நீண்ட இடைவெளிக்குப் பின் நேர்காணல்: எதிர்பாராத கேள்விகளை எதிர்கொள்வது எப்படி?

மதிப்பிற்குரிய ஐயா,

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி, 2016-ஆம் ஆண்டு மகப்பேற்றுக்காக வேலையை விட்ட தங்கள் மகள், அண்மையில் சென்ற நேர்காணல்களில் எதிர்பாராத கேள்விகளால் திணறிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சென்றவரிடம், அதை விட்டுவிட்டு வேறு எதையெதையோ கேட்டுவிட்டார்கள் என்பது தங்கள் ஆதங்கம். தாங்கள் எழுதி அனுப்பிய கேள்விகளைப் பார்த்தால், மடக்க வேண்டும் என்றே கேட்டவை அவற்றில் அதிகம் இல்லை. இவருக்கு இன்றைய வேலை தெரியுமா, சேர்ந்தால் நிலைத்திருப்பாரா என்ற இரண்டு ஐயங்களையே அவர்கள் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

முதல் ஐயத்திலேயே தங்கள் மகள் வாய்ப்பை இழந்திருக்கிறார் என்பது என் கணிப்பு. அவர் வேலையை விட்டபோது வாட், சேவை வரி, கலால் வரி என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தது. 2018-இல், சரக்கு அனுப்பும்போது இணையத்தில் எடுக்க வேண்டிய இ-வே பில் வந்தது. 2020-இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய, பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் முறை, 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் கட்டாயமாயிற்று. ‘ஜிஎஸ்டிஆர் 2பி-யில் வராத பில்லுக்கு வரி வரவு எடுப்பீர்களா?’ என்ற கேள்விக்கு அவர் விடை தெரியாமல் விழித்ததற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. வரி வரவு என்பது வாங்கிய சரக்குக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது; அதற்குரிய பில்களைக் காட்டும் 2பி படிவமே அவர் வேலையை விட்ட பிறகு வந்தது. சரக்கு விற்றவர் தம் ரிட்டர்னில் காட்டிய பில்கள் மட்டுமே அதில் வரும். 2022 ஜனவரி முதல், அதில் இல்லாத பில்லுக்கு வரவு எடுக்க இயலாது. ஆகவே, ‘எடுக்க மாட்டேன், விற்றவரைத் தொடர்புகொண்டு அடுத்த மாதமாவது பதிவேற்றச் சொல்வேன், அதுவரை அந்தத் தொகையைத் தனியே குறித்து வைப்பேன்’ என்பதே நிறுவனத்தார் கேட்க விரும்பும் விடை. இதைச் சொல்லிவிட்டால் இடைவெளியைப் பற்றிய பாதிக் கேள்விகள் எழாமலேயே போய்விடும்.

எனவே ஆளுமை மேம்பாட்டு வகுப்புக்குக் கட்டவிருக்கும் பணத்தைத் தாங்கள் நிறுத்தி வைக்கலாம். அதற்கு மாறாக, தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மூன்று மாதங்கள், ஊதியம் குறைவாக இருந்தாலும், அவர் சென்று அமரட்டும். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர் 1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டுவதற்கான 3பி என்ற மாதாந்தர ஓட்டத்தைக் கையால் செய்து பார்த்தவருக்கும் புத்தகத்தில் படித்தவருக்கும் உள்ள வேறுபாடு மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைக் கல்வி முறையில் கட்டணமின்றி வீட்டிலேயே இயக்கலாம். மாதத்தின் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டுமே பதிவு செய்ய இயலும் என்றாலும் கை பழக அது போதும். ஏற்றுமதி நிறுவனத்திற்கே மீண்டும் செல்ல விரும்பினால், வரி செலுத்தாமல் ஏற்றுமதி செய்வதற்காக ஒவ்வொரு நிதியாண்டும் கொடுக்கும் எல்யுடி உறுதிக்கடிதம், 2019-இல் ஆயத்த ஆடை ஏற்றுமதிக்குக் கொண்டுவந்த ஆர்ஓஎஸ்சிடிஎல் என்ற வரி திருப்பிக் கொடுக்கும் திட்டம், 2025 செப்டம்பர் 22 முதல் உள்நாட்டு விற்பனையில் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு என்று மாறிய வரி ஆகியவற்றை அவசியம் படித்துச் செல்ல வேண்டும்.

தெரியாத கேள்வியும் வரத்தான் செய்யும். அப்போது சுற்றி வளைக்காமல், ‘இதை நான் செய்ததில்லை, இதற்கு நெருக்கமாக இன்னதைச் செய்திருக்கிறேன்’ என்று சொல்லி நிறுத்துவது நல்லது. கணக்குப் பிரிவில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுபவரைக் கண்டே அதிகம் அஞ்சுவார்கள்.

இரண்டாவது ஐயத்திற்கு வருவோம். ‘20-ஆம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வி தங்களைப் புண்படுத்தியிருக்கிறது. ஆண்களிடம் இதைக் கேட்பதில்லை என்பதால் தங்கள் கோபம் நியாயமானதே. ஆயினும் அந்த அறையில் கோபப்படுவதாலோ ‘எப்படியாவது சமாளிப்பேன்’ என்று மழுப்புவதாலோ பயன் இல்லை. ‘என் பெற்றோர் அருகிலேயே இருக்கிறார்கள், 3பி வேலையை 18-ஆம் தேதிக்குள் முடித்துச் சரிபார்க்கக் கொடுத்துவிடுவது என் வழக்கமாக இருக்கும்’ என்ற விடையில் வீட்டு ஏற்பாடும் வேலை ஒழுங்கும் ஒருங்கே வந்துவிடுகின்றன. முதற்பகுதி உண்மையாக இருப்பது தங்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்ற கேள்வி வேறு வகை. அதற்கு விடை சொல்லும் கடமை அவருக்கு இல்லை. ‘அது குடும்பத்தின் தனிப்பட்ட செய்தி, நீண்ட காலம் பணியாற்றும் நோக்கத்தோடுதான் வந்திருக்கிறேன்’ என்று முகம் மாறாமல் சொல்லலாம். அதற்குப் பிறகும் வற்புறுத்தும் இடத்தில் வேலை கிடைக்காமல் போவதை நான் இழப்பாகக் கருதமாட்டேன்.

தம்மைவிட இளையவரின் கீழ் பணியாற்ற ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டால், ‘ஜிஎஸ்டியில் அவருக்கு அனுபவம் அதிகம், கற்றுக்கொள்வேன்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஊதியக் கேள்விக்கு 2016-இல் வாங்கிய தொகையை அடிப்படையாக வைக்க வேண்டாம். அந்தப் பணிக்கு இன்று திருப்பூரில் என்ன கொடுக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ஒரு தொகையைச் சொல்லி, ஆறு மாதத்தில் மறுபரிசீலனை செய்யுமாறு கேட்பது முறை.

உறவினர் ஒருவரின் கடையில் வேலை பார்த்ததாகச் சான்றிதழ் வாங்கி இடைவெளியை மறைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் ஐயா. வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் (உறுப்பினர் எண்) கணக்கில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதிவாகியிருக்கும். பல நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கின்றன. பழைய நிறுவனம் விலகிய நாளைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், உறுப்பினர் தாமே இணையத்தில் பதிவு செய்ய வழி இருக்கிறது; அதை மட்டும் இப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இனி ஒத்திகையைத் தாங்கள் நடத்த வேண்டாம். தந்தை கேட்கும் கேள்விக்கு மகள் சொல்லும் விடையில் பயம் இருப்பதில்லை. பயம் இல்லாத ஒத்திகையால் பயனும் குறைவு. ஆடிட்டர் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம், எதைக் கேட்கப்போகிறோம் என்று சொல்லாமல் அரைமணி நேரம் கேட்கச் சொல்லுங்கள். நேர்காணல் நாளன்று மகளுடன் வரவேற்பறையில் தாங்களும் அமர்ந்திருக்கும் வழக்கத்தை, அன்புகூர்ந்து, இம்முறை தெருமுனைத் தேநீர்க் கடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.